கிளைவ் இழுத்த வெள்ளைக் கோடு

ஏவ்ரில் ஸ்டேதர் முப்பத்தொரு வருடம் பள்ளிச் சமையலறையில் வேலை பார்த்தவள். புட்டிங்குக்காகப் பாலில் ஊறிய ரொட்டியைப் பிசைந்து பிசைந்து அந்தப் பதம் அவள் விரலுக்கு மனப்பாடம். அதனால்தான் அந்த மார்ச் மாதத்து வியாழக்கிழமை காலை, கேரவனுக்குள் மண்டியிட்டு, படுக்கைப் பெட்டிக்குப் பின்னால் இருந்த மரச்சுவரைக் கட்டைவிரலால் அழுத்தியபோது, கண்ணால் பார்ப்பதற்கு முன்பே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. நகம் முழுக்க உள்ளே போயிற்று. வெளியே எடுத்தபோது விரலில் பழுப்புக் கூழ் ஒட்டியிருந்தது. அழுகிய இலை வாடை.

விரலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, மெத்தையைப் பழையபடி சாய்த்து வைத்துவிட்டு வெளியே வந்தாள். கதவைச் சாத்தித் திரும்பினால், வீட்டு முன்னறை ஜன்னலில் கிளைவ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளைவ் அவள் கணவர். நவம்பரில் பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் போய்விட்டன. வாயும் பாதி போயிற்று. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, படுக்கையை முன்னறையில் போடச் சொல்லி இடது கையால் காட்டினார். அங்கிருந்து பார்த்தால் வாசல் சரளைமேல் நிற்கும் கேரவன் தெரியும். இருபத்திரண்டு வருடமாகக் காருக்குப் பின்னால் கட்டி, ஈஸ்டரிலிருந்து அக்டோபர் வரை ஊர் ஊராக இழுத்துப்போன வண்டி. நாலு பேர் படுக்கலாம். பிள்ளைகள் இல்லாததால் இரண்டு பேர்தான் படுத்தார்கள்.

அவர் பேசுவது இப்போது ஏவ்ரிலுக்கு மட்டும்தான் புரியும். பேச்சுப் பயிற்சி கொடுக்க வாரம் ஒருமுறை வரும் பெண்கூட, "என்ன சொல்றாரு?" என்று அவளைப் பார்த்துத்தான் கேட்பாள். வார்த்தையின் தலை வரும், வால் வராது. சில நாள் இரண்டுமே வராமல் நடுவில் ஒரு மூச்சு மட்டும் வரும். ஏவ்ரில் அதை அர்த்தமாக்கிச் சொல்லுவாள். தினமும் காலையில் அவர் கேட்கும் முதல் கேள்வி வண்டியைப் பற்றியதுதான். உள்ளே ஈரம் இருக்கிறதா என்று.

அன்றும் கேட்டார்.

"ஒரு சொட்டு இல்ல கிளைவ். எலும்பு மாதிரி காஞ்சு கிடக்கு," என்றாள்.

அவர் பாதி முகத்தால் சிரித்தார். இடது கை ஆள்காட்டி விரலை நீட்டி, காற்றில் ஒரு கோடு இழுத்துக் காட்டினார்.

அந்தக் கோடுதான் கிளைவின் பெருமை. நாற்பது வருடம் குளியலறை கட்டிக்கொடுத்தவர் அவர். இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், விதர்ன்சியிலும் ஹல் நகரத்திலும் எத்தனையோ வீடுகளில், தொட்டிக்கும் சுவர் ஓட்டுக்கும் நடுவே அவர் பூசிய வெள்ளை சிலிக்கான் பசை இன்னும் அப்படியே நிற்கிறது. பசைக் குழாயின் நுனியைச் சாய்வாக வெட்டுவார். ஒரே சீராகப் பிதுக்குவார். பிறகு பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் விரலை நனைத்து, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை மூச்சை அடக்கிக்கொண்டு ஒரே இழுப்பு. அளவுகோல் வைத்துப் போட்டாற்போல் இருக்கும்.

கேரவன் வாங்கிய முதல் செப்டம்பரிலேயே, கூரையோரம் ஓடும் அலுமினியப் பட்டைக்கு அடியில் அந்தக் கோட்டை இழுத்துவிட்டார். அடுத்த மழைக்காலம் வருவதற்குள் மறுபடி ஒன்று. வருடாவருடம். கேரவன் சங்கத்துக் கூட்டாளிகள் பார்த்தார்கள். வார இறுதியில் யாராவது ஒரு விவசாயியின் வயலில் எல்லா வண்டிகளும் வட்டமாக நின்று டீ குடிக்கும்போது, "கிளைவ், எனக்கும் ஒரு கோடு போட்டு விடேன்பா" என்று ஆரம்பித்தார்கள். ஆறு வண்டிகள். கூலி, ஒரு பன்றிக்கறி சாண்ட்விச்சும் இரண்டு பீரும். டிரெவர் ஆம்ப்ளர் மட்டும் ஒவ்வொரு முறையும், "இவன் விரலை வெட்டி எடுத்து அருங்காட்சியகத்துல வைக்கணும். மத்தபடி அந்த ஆள்ல வைக்கிற மாதிரி எதுவும் இல்ல" என்பார்.

மறுவாரம் இயன் வந்தார். வீடு வீடாகப் போய் கேரவன் பார்க்கும் மெக்கானிக், நாற்பத்தைந்து வயது, காதில் பென்சில். கிளைவ் மதியத் தூக்கத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்து ஏவ்ரில் அவரை வரச் சொல்லியிருந்தாள்.

"பதினஞ்சு வரைக்கும் கவலையில்ல," என்றார் இயன், ஈரம் அளக்கும் கருவியைத் தட்டிக்கொண்டே. "இருபதைத் தாண்டினா கவனிக்கணும். முப்பதுக்கு மேல போனா மரம் செத்துப்போச்சுன்னு வெச்சுக்கோங்க."

கருவியின் இரண்டு ஊசிகளையும் சுவரில் வைத்தார். முப்பத்தெட்டு. ஓர் அடி தள்ளி வைத்தார். நாற்பத்தொன்று. மூன்றாவது இடத்தில் ஊசி தானாகவே உள்ளே இறங்கியது. அவர் எண்ணைப் பார்க்கவில்லை. வெளியே போய் ஏணி வைத்து ஏறி, கூரையோரத்தைப் பார்த்தவர் ஒரு சீட்டி அடித்தார்.

"அட, என்ன அழகு! இதைப் போட்டவன் கையில கலை இருக்கு ஏவ்ரில். மண்டையிலதான் ஒண்ணுமில்ல. யாரு இந்தப் புத்திசாலி?"

"ஏன், என்ன ஆச்சு?"

"இது குளியலறைப் பசை. குளியலறை ஒரே இடத்துல உக்காந்திருக்கும். இது ரோட்டுல குலுங்கிக்கிட்டே ஓடுற பெட்டி. ஒவ்வொரு குலுக்கலுக்கும் பட்டையைப் பிடிச்சிருக்கிற திருகாணி ஓட்டை கொஞ்சம் கொஞ்சமா வாயைத் திறக்கும். மேலேருந்து தண்ணி இறங்கும். சும்மா விட்டிருந்தா அடியில வழிஞ்சு வெளிய வந்திருக்கும். இவன் அடி வாசலை அடைச்சுட்டான். வருஷாவருஷம் அடைச்சிருக்கான். தண்ணி உள்ளயே குடித்தனம் பண்ணுது."

"அப்ப என்ன பசை போடணும்?"

"இறுகாத பட்டி, பிசைஞ்ச களிமண் மாதிரி இருக்கும். பட்டையைக் கழட்டி, அதுக்குப் பின்னால அப்பணும். அசிங்கமா பிதுங்கிக்கிட்டு நிக்கும். வெயில் பட்டா வழியும். ஆனா வண்டியோட சேர்ந்து அசையும், அதான் வேணும்." ஏணியிலிருந்து இறங்கினார். "சொல்லலயே, யாரு போட்டது?"

ஏவ்ரில் ஜன்னல் பக்கம் பார்த்தாள். திரை அசையவில்லை.

"எங்களுக்கு முன்னால வெச்சிருந்தவங்க போட்டதுப்பா," என்றாள்.

இயன் தலையாட்டிக்கொண்டு, செய்ய வேண்டியதைத் தாளில் எழுதிக் கொடுத்தார். உள்சுவர்ப் பலகையைப் பிய்க்கணும். மக்கிய ரீப்பர் கட்டைகளை வெட்டி எடுக்கணும். நல்ல மரம் வரும்வரை வெட்டணும். இரண்டு மாதமாவது திறந்து போட்டுக் காயவிடணும். வெளியே அந்த வெள்ளைக் கோட்டை ஒரு துளி மிச்சமில்லாமல் சுரண்டணும். அது இருந்த இடத்தில் வேறு எதுவும் ஒட்டாது.

அவர் வண்டி தெருமுனை திரும்பியதும் ஏவ்ரில் கேரவன் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நாற்பத்தாறு வருடத் தாம்பத்தியத்தில் கிளைவைத் தன்னுடையவர் இல்லை என்று அவள் சொன்னது அதுவே முதல் தடவை. அந்த நினைப்பு தீருவதற்குள் அடுத்தது வந்தது. ஆறு வண்டிகள். ஆறிலும் அதே கோடு.

பள்ளிச் சமையலறையில் பெரிய அண்டாக்களைத் தூக்கிய கைகள் அவளுடையவை. சுவரைத் தானே பிரித்தாள். கதவு இருக்கும் பக்கம் வீட்டைப் பார்த்து நின்றது; அதைத் தொடவில்லை. எதிர்ப்பக்கச் சுவரை மட்டும் பிரித்தாள். ப்ளைவுட் ஈரத் துணி மாதிரி உரிந்து வந்தது. அதற்குப் பின்னால் ரீப்பர்கள் கருப்பாக, தொட்டால் நார்நாராக உதிர்ந்தன. குப்பையைக் கருப்புப் பைகளில் கட்டி, கிளைவ் கண்ணில் படாமல் பின்பக்கமாகவே கொண்டுபோனாள். அவர் சத்தத்தைக் கேட்டுவிட்டு என்னவென்று கேட்டபோது, "அலமாரிக்குப் புதுப் பலகை போடறேன்" என்றாள். கதவை மட்டும் எப்போதும் சாத்தியே வைத்தாள். திறந்தால் எதிர்ச்சுவர் நேராக ஜன்னலுக்குத் தெரியும்.

மற்ற ஆறு பேருக்கும் சொல்ல வேண்டும் என்று தினமும் போனை எடுத்தாள். எடுத்து, சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்து, திரும்ப வைத்தாள். இப்படி மூன்று வாரம் ஓடிற்று. பிறகு டிரெவரே கூப்பிட்டார்.

"கண்ணு, ஒரு ரகசியம். கிளைவ் பக்கத்துல இருக்கானா?"

"தூங்கறாரு."

"நல்லது. வர்ற ஞாயித்துக்கிழமை நாங்க எல்லாரும் வர்றோம். ஆறு வண்டியும். உன் தெருவுலயே வரிசையா நிறுத்தி, இந்த வருஷத்துக் கோட்டை, செப்டம்பர் வரைக்கும் காத்திருக்காம, அவன் ஜன்னலுக்கு முன்னாலயே போடப்போறோம். அவன் உள்ள உக்காந்து எங்களைத் திட்டட்டும். போன வருஷம் அவன் போட்ட கோடு ஆறு மாசமா தனியா கிடக்கு பாவம். உன் வண்டிக்கும் நாங்களே போட்டுடறோம். பாலின் பத்து பசைக் குழாய் வாங்கி வெச்சுட்டா."

"டிரெவர்…"

"நன்றியெல்லாம் சொல்லாத கண்ணு, அழுதுடுவேன். என்னை மாதிரி அழகான ஆம்பள அழுதா ஊரு தாங்காது."

அவள் சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. போனில் டிரெவரின் சிரிப்புக்கு அப்பால் அவர் மனைவி பாலினின் குரலும் கேட்டது: கிளைவுக்கு எலுமிச்சைக் கேக் பிடிக்குமா, சாக்லேட்டா? "எலுமிச்சை," என்றாள் ஏவ்ரில். போன் வைக்கப்பட்டது.

ஞாயிறு காலை கடல் காற்று கொஞ்சம் ஓய்ந்திருந்தது. பத்து மணிக்கு முதல் வண்டி தெருவில் திரும்பியது. பின்னால் இன்னொன்று. அக்கம்பக்கத்து ஜன்னல்களில் திரைகள் விலகின. ஏவ்ரில் கிளைவுக்குச் சலவைச் சட்டை போட்டு, தலைசீவி, சக்கர நாற்காலியை ஜன்னலோடு ஒட்டி நிறுத்தியிருந்தாள். ஆறாவது வண்டி வந்து நின்றதும் அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. நவம்பருக்குப் பிறகு அவள் அந்தச் சத்தத்தைக் கேட்டதில்லை. அவர் சிரிக்கிறார் என்று புரிய அவளுக்கே ஒரு நொடி ஆயிற்று.

வாசலில் டிரெவர் பசையைப் பிதுக்கும் துப்பாக்கியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, படைவீரன் மாதிரி ஜன்னலுக்கு சல்யூட் வைத்தார். ஏவ்ரில் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தாள்.

"உள்ள வா. ஒரு நிமிஷம்."

"என்ன கண்ணு, பட்டப்பகல்ல? பாலின் பாக்கறா."

"வா, டிரெவர்."

கேரவன் கதவைக் கொஞ்சமாகத் திறந்து அவரை உள்ளே தள்ளி, தானும் நுழைந்து சாத்தினாள். எதிர்ச்சுவர் இருந்த இடத்தில் கருப்பு விலா எலும்புகள் மாதிரி ரீப்பர்கள் நின்றன. டிரெவர் கிட்டப் போய் ஒன்றைத் தொட்டார். அது கையோடு வந்தது.

"இது கோட்டாலயா?" என்றார்.

"ஆமா."

"எங்களதும்?"

"உங்களதும்தான். நான் மூணு வாரமா சொல்ல நினைச்சு… எனக்கு வாய் வரல."

டிரெவர் கட்டில் பெட்டிமேல் உட்கார்ந்தார். "பாலின் குளிர்காலம் பூரா உள்ள ஒரு வாடை வருதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. நான்தான் நாயைத் திட்டினேன்." எழுந்தார். "அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரிய வேணாம். நான் மத்தவங்க கிட்டப் பக்குவமா சொல்லிடறேன். இன்னிக்கு சும்மா துப்பாக்கியைப் பிடிச்சுக்கிட்டு முன்ன பின்ன நடப்போம். அங்கேருந்து அவனுக்கு என்ன தெரியும்? கேக்கை தின்னுட்டுப் போயிடறோம்."

அவர் வண்டி வண்டியாகப் போய்க் குனிந்து பேசுவதை ஏவ்ரில் பார்த்தாள். ஒவ்வோர் இடத்திலும் தலைகள் நிமிர்ந்தன, கூரையோரத்தைப் பார்த்தன, ஜன்னலைப் பார்த்தன, உடனே கீழே பார்த்தன. ஸ்டான் என்பவர் மட்டும் கையிலிருந்த குழாயைத் தரையில் எறிந்தார். அவர் மனைவி அதை எடுத்து அவர் கையில் திணித்தாள். பிறகு எல்லோரும் ஏணியில் ஏறினார்கள். துப்பாக்கிகள் பட்டையோரமாக மெல்ல நகர்ந்தன. டிரெவர் சோப்புத் தண்ணீரில் விரலை நனைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, வெறும் தகட்டில் ஒரே இழுப்பாக இழுத்தார். ஜன்னலைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார்.

கண்ணாடியில் தட்டும் சத்தம் கேட்டது.

கிளைவ் இடது கை முட்டியால் தட்டினார். மறுபடி தட்டினார். டிரெவரின் துப்பாக்கியைச் சுட்டிக் காட்டினார். பிறகு இரண்டு விரல்களைக் கத்தரிக்கோல் மாதிரி சேர்த்துச் சேர்த்துக் காட்டினார்.

டிரெவர் குனிந்து பார்த்தார். குழாயின் நுனியை அவர் வெட்டவே இல்லை. தெருவில் யாருமே வெட்டியிருக்கவில்லை.

ஏவ்ரில் உள்ளே போனாள். கிளைவின் முகத்தில் சிரிப்பு இல்லை. ஏன் என்று கேட்டார்.

"பசை பழசாம். இறுகிப்போச்சாம். இன்னொரு நாள்…"

அவர் அவளையே பார்த்தார். ஈரமா என்று கேட்டார். காய்ந்திருக்கிறது என்றாள். அவர் கண்ணை எடுக்கவில்லை. அவள் கண் தானாகத் தாழ்ந்தது. அவர் சக்கரத்தைத் தட்டி, வாசலைக் காட்டினார்.

சரளையில் சக்கரம் ஓடவில்லை. டிரெவரும் ஸ்டானும் ஆளுக்கொரு பக்கம் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். "பாத்துடா, ராஜா ஊர்வலம்," என்றார் டிரெவர், யாரும் சிரிக்கவில்லை. கிளைவ் கேரவன் கதவைக் காட்டினார். ஏவ்ரில் அதற்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

"குளிருது கிளைவ். உள்ள போலாம். பாலின் கேக் கொண்டாந்திருக்கா."

அவர் விரலைக் கீழே இறக்கவில்லை.

"திறந்துடு கண்ணு," என்றார் டிரெவர் மெதுவாக. "அவன் பிடிச்சா விடமாட்டான். உனக்குத் தெரியாதா?"

அவள் திறந்தாள்.

யாரும் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தண்ணீரோடு நாற்பது வருடம் மல்லுக்கட்டியவர். உள்ளே தெரிந்த கருப்பு மரங்களைப் பார்த்தார். தலையைப் பின்னால் சாய்த்துக் கூரையோரத்து வெள்ளைக் கோட்டைப் பார்த்தார். இடது கை விரல் காற்றில் எழுந்தது. திருகாணிகள் இருக்கும் இடத்திலிருந்து இறங்கியது, கோடு வரைக்கும் வந்தது, அங்கே நின்றது, உள்பக்கமாகத் திரும்பி, கீழே, இன்னும் கீழே, தரை வரைக்கும் போயிற்று. தண்ணீர் போன வழியை ஒரு பிசகும் இல்லாமல் வரைந்து முடித்து, கையை மடியில் போட்டுக்கொண்டார். பிறகு தெருவைத் திரும்பிப் பார்த்தார். உதடு அசைவதைக் கண்டு, அவர் எண்ணுகிறார் என்று ஏவ்ரில் தெரிந்துகொண்டாள்.

எண்ணி முடித்ததும் டிரெவரைப் பார்த்து ஏதோ சொன்னார். எச்சில் வழிந்தது. முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைக்க அந்த ஒரு சொல்லை வெளியே தள்ளினார். டிரெவருக்கு அது காற்றாகத்தான் கேட்டது.

"என்ன சொல்றான் ஏவ்ரில்?"

அவளுக்குத் தெளிவாகக் கேட்டிருந்தது. அந்தச் சொல்லைக் கிளைவ் அவளிடம்கூட அதிகம் சொன்னவர் இல்லை. சண்டை போட்ட மறுநாள் டீ போட்டுக் கொண்டுவந்து வைப்பாரே தவிர, வாயைத் திறந்து சொல்ல மாட்டார்.

"எல்லாருக்கும் டீ வேணுமான்னு கேக்கறாரு," என்றாள்.

கிளைவின் இடது கை நாற்காலிச் சக்கரத்தில் ஓங்கி இறங்கியது. இல்லை என்று தலையை ஆட்டினார். மறுபடியும் அதே சொல்லைச் சொன்னார். மூன்றாம் முறை சொல்லும்போது அழுதுகொண்டிருந்தார்.

"நான் சொல்ல மாட்டேன் கிளைவ்," என்றாள் அவள், எல்லோரும் கேட்க. "நீ நல்லதுதானே செஞ்ச? உனக்குத் தெரியாதுல்ல? நான் சொல்ல மாட்டேன், போ."

அவர் அவள் முழங்கையைப் பற்றினார். அந்தப் பிடியில் பலம் இருந்தது. அவள் அவருடைய வாயாக இருக்க ஒத்துக்கொண்டவள். நவம்பரிலிருந்து அந்த ஒரு வேலையில் மட்டும் அவர் அவளை நம்பியிருந்தார்.

ஏவ்ரில் முகத்தைத் துடைத்துக்கொண்டு டிரெவர் பக்கம் திரும்பினாள்.

"மன்னிச்சிடுங்கன்னு சொல்றாரு."

"அட போடா மடையா!" என்று டிரெவர் கிளைவின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். "பழைய தகரடப்பாடா அது. போனாப் போகுது." கிளைவ் இடது கையால் அவரைத் தள்ளினார், மெதுவாகத்தான். தெருவைக் காட்டினார்.

ஏவ்ரில் நாற்காலியைத் தெருவில் தள்ளிக்கொண்டு போனாள். ஒவ்வொரு வண்டியிடமும் நிறுத்தினாள். ஒவ்வோர் இடத்திலும் கிளைவ் அந்தச் சொல்லோடு போராடினார். அவர் சொல்லி முடித்த பிறகு அவள் சொன்னாள். டிரெவர் வண்டியில் பாலின் கேக் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே விம்மினாள். அடுத்த வண்டிக்காரர்கள், "ஐயோ, அதெல்லாம் எதுக்கு கிளைவ்" என்று அவசர அவசரமாகச் சொன்னார்கள். அவர் அதைக் கேட்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

ஸ்டான் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "எனக்குக் கோவமாத்தான் இருக்கு கிளைவ். பொய் சொல்ல மாட்டேன். இந்த வண்டியை விட்டா எங்களுக்கு வேற போக்கிடம் இல்ல. அடுத்த மாசம் வர்றேன், இப்ப முடியல." கிளைவ் அவரை நேராகப் பார்த்தார். அவர் சொன்னதை ஏற்றுக்கொண்டது போலத் தலையசைத்தார். அன்று யாருக்காவது அவர் தலையசைத்தார் என்றால் அது ஸ்டானுக்குத்தான்.

ஆறாவது வண்டிக்காரர்கள் இந்தக் கட்டத்தைத் தாண்டிப் போய்விடலாம் என்று காரைக் கிளப்பியிருந்தார்கள். ஏவ்ரில் கண்ணாடியைத் தட்டினாள். அவர்கள் இறக்கினார்கள். கிளைவின் தலை தொங்கிப்போயிருந்தது. சட்டைக் கழுத்து நனைந்திருந்தது. அவரை இன்னொரு முறை அந்தப் பாடு படவிட அவளுக்கு மனம் வரவில்லை.

"மன்னிச்சிடுங்கன்னு…" என்று அவளே ஆரம்பித்தாள்.

கிளைவின் இடது கை உயர்ந்து அவளை நிறுத்தியது. மூச்சு வாங்கிக்கொண்டார். உதட்டைக் கூட்டினார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்த இரண்டு பேரும் ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஏவ்ரில் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டு நின்றாள்.